சென்ட்ரல் குண்டுவெடிப்பும் அதற்குப் பிறகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2014 மே 1, காலை ஏழேகால் வாக்கில், சென்னை சென்ட்ரல் 9வது பிளாட்பாரத்தில் குண்டு வெடித்தது. பெங்களூரிலிருந்து வந்து குவாஹாட்டி போகவேண்டிய எக்ஸ்பிரஸின் எஸ்4, எஸ்5 பெட்டிகளில் அடுத்தடுத்து இரண்டு. சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர் பெண், இருபதுகளில் இருந்தவர், இறந்துபோனார். 14 பேருக்குக் காயம். மே தின லீவுக்கு அதே வண்டியில் வந்த என் மாமா பையனை அழைத்துப் போக நான் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். அதிலிருந்து கொழும்பு ஈஸ்டர் குண்டுவெடிப்பு ஆகட்டும், பஹல்காம் ஆகட்டும், எங்கே என்ன நடந்தாலும் தெரிந்தவர்கள் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

சத்தம் எப்படி இருந்தது?

எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். பார்சல் தள்ளுவண்டி எதுவோ கவிழ்ந்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டாவது சத்தத்துக்கும், கூடவே வந்த கருகல் வாசனைக்கும் பிறகுதான் கால் நகர்ந்தது. பிளாட்பாரத்தில் நின்றவர்கள் கேட்டைப் பார்த்து ஓட, பெட்டிக்குள் இருந்த சிலர் அந்தப் பக்கம் தண்டவாளத்தில் குதித்தார்கள். தலையில் பெட்டிகளை அடுக்கியிருந்த ஒரு போர்ட்டர், அந்த ஓட்டத்திலும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் ஓடினார். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, சொல்லவும் விருப்பமில்லை.

உடனே என்ன செய்ய வேண்டும்?

வெளியே போங்கள். வெளியே வந்ததும் வாசலிலேயே கும்பலாக நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். ஒரு குண்டு வெடித்த இடத்தில் இன்னொன்று இருக்கலாம் என்று நினைத்துத்தான் போலீஸ் எல்லோரையும் விரட்டும், அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. போன் லைன் கிடைக்காது, எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். 'நல்லா இருக்கேன், இங்கே இருக்கேன்' என்று ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுங்கள், போன் கால் போகாவிட்டாலும் மெசேஜ் பல நேரம் போய்ச் சேர்ந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. தேடுகிறேன் பேர்வழி என்று வண்டியை எடுத்துக்கொண்டு சென்ட்ரலுக்கு வராதீர்கள். அன்றைக்கு ஸ்டேஷன் எதிரே மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள், சாதாரண நாளிலேயே ஆம்புலன்ஸ் திணறும் இடம் அது.

காயம் எதுவும் இல்லை, காதில் மட்டும் 'ஙொய்' என்று ஒரு சத்தம். இதற்கெல்லாம் ஆஸ்பத்திரியா?

ஆமாம், அன்றைக்கே போகவேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வெடியின் அழுத்தம் முதலில் தாக்குவது காதைத்தான். வெளியே ஒரு கீறல் இல்லாமல் உள்ளே செவிப்பறை கிழிந்திருக்கலாம். சிறிய கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும், ஆனால் அதுவரை காதுக்குள் எதுவும் போகக் கூடாது, தண்ணீர் உட்பட. நம் வீடுகளில் என்ன நடக்கும்? பாட்டி பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்புறம், மூச்சு வாங்குவது, நெஞ்சு இறுக்கம், வயிற்று வலி, வாந்தி இதெல்லாம் சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். நுரையீரலும் குடலும் அழுத்தத்தில் அடிபட்டிருக்கும் அறிகுறி அது, வந்தால் உடனே 108.

இரண்டாவது காரணம் காகிதம். குண்டுவெடிப்பில் அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரியில் காட்டினால் கேஸுவாலிட்டியில் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். எந்தத் தேதி, எத்தனை மணி, எப்படி அடிபட்டது, என்ன காயம் எல்லாம் அதில் இருக்கும். பிற்பாடு எந்த மேஜைக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். என் மாமா பையன் குண்டு வெடித்த பெட்டிக்குச் சற்றுத் தள்ளி இருந்தான். 'எனக்கு ஒண்ணும் இல்லடா, வா போகலாம்' என்று நேராக வீட்டுக்கு வந்துவிட்டான். இத்தனைக்கும் ஜி.எச். சென்ட்ரலுக்கு நேர் எதிரே, ரோட்டைத் தாண்டினால் போதும். பிறகு காதில் சீழ் வந்து ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனபோது, செவிப்பறையில் ஓட்டை என்று எழுதினார்களே தவிர, குண்டுவெடிப்பால் என்று எழுத மாட்டேன் என்றுவிட்டார் அந்த டாக்டர். போலீஸ் கேஸ் என்று பயம். அந்த ஒரு வரி இல்லாமல் காயம்பட்டோர் பட்டியலில் அவன் கடைசிவரை சேரவே இல்லை.

நஷ்டஈடு எவ்வளவு? யாரிடம் கேட்பது?

டிவியில் மந்திரி அறிவிப்பது ஒன்று, சட்டப்படி நீங்கள் கேட்டு வாங்குவது இன்னொன்று. அறிவிப்புத் தொகை, பட்டியலில் பெயர் இருந்தால் வரும். மற்றதற்கு நாம்தான் போகவேண்டும்.

ரயிலிலோ ஸ்டேஷனிலோ நடந்தால் 1989 ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு இருக்கிறது. தீவிரவாதச் செயலும் அதில் அடக்கம், ரயில்வே மீது தப்பு இருக்கிறதா இல்லையா என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. உயிரிழப்புக்கு 8 லட்சம், 2017க்கு முன் அது 4 லட்சமாக இருந்தது. காயத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து ஒரு அட்டவணை உண்டு. ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயத்தில் மனு போடவேண்டும், சென்னையிலேயே அதன் அமர்வு இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போடவேண்டும், தாமதமானால் சரியான காரணம் காட்டவேண்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: பிளாட்பாரம் டிக்கெட் வைத்திருப்பவரும் இந்தப் பிரிவில் பயணிதான். வழியனுப்ப வந்தவர், அழைத்துப் போக வந்தவர் எல்லோரும் கேட்கலாம். அந்தச் சின்ன டிக்கெட்டை எடுக்காமல் உள்ளே நுழைகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ரயில்வே சம்பந்தமே இல்லாத இடம் என்றால், தீவிரவாதத்தால் பாதிக்கப்பட்ட பொதுமக்களுக்கு என்று 2008லிருந்து மத்திய அரசின் உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது. உயிரிழப்புக்கோ, 50 சதவீதமோ அதற்கு மேலோ ஆன நிரந்தர ஊனத்துக்கோ 5 லட்சம், முதலில் 3 லட்சமாக இருந்து 2016ல் கூட்டினார்கள். கலெக்டர் ஆபீஸ் வழியாகத்தான் போகும். பணம் உடனே கையில் வராது, வங்கியில் டெபாசிட்டாகப் போட்டு வட்டி மட்டும் கணக்கில் ஏறும். குடும்பத்தில் யாருக்காவது இதற்காக அரசு வேலை கொடுத்திருந்தால் இந்தத் தொகை கிடையாது. தமிழ்நாடு அரசின் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் தனி, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டால் இலவசமாகவே வழி சொல்வார்கள்.

இறந்தவர் குடும்பம் என்றால் வாரிசுச் சான்றிதழை முதலில் ஆரம்பியுங்கள். இழுப்பது அதுதான்.

ஆன்லைனில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவாக ஒரு இன்சூரன்ஸ் வருமே, அதில் உயிரிழப்புக்கு 10 லட்சம் உண்டு, தீவிரவாதத் தாக்குதலுக்கும் செல்லும். டிக் அடித்தால் மட்டும் போதாது, பிறகு வரும் மெசேஜில் நாமினி பெயரைப் போடவேண்டும். எத்தனை பேர் போடுகிறோம்?

டிக்கெட் அந்தக் களேபரத்தில் தொலைந்துவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. ரிசர்வேஷன் என்றால் பி.என்.ஆர். போதும், சார்ட்டில் பெயர் இருக்கும். முன்பதிவில்லாத டிக்கெட் என்றால், டிக்கெட் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லிவிட்டது. பயணம் செய்தேன் என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அப்படி இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு ரயில்வேயுடையது.

ஓடும்போது போட்டுவிட்டு வந்த பெட்டி?

வெடிகுண்டு நிபுணர்கள் எல்லாப் பையையும் பிரித்துப் பார்த்த பிறகு ரயில்வே போலீஸிடம் போய்ச் சேரும். உள்ளே என்னென்ன இருந்தது என்று எழுதிக் கொடுத்து, அடையாள அட்டை காட்டி வாங்கலாம். வெடித்த பெட்டியிலேயே இருந்த பை என்றால் அது வழக்குச் சொத்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டுத்தான் வாங்க முடியும். லேப்டாப், சர்ட்டிபிகேட் மாதிரி முக்கியமானது இருந்தால் மனுவில் தனியாக எழுதுங்கள்.

போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் பயப்பட வேண்டுமா?

சென்ட்ரல் வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. அங்கே நின்றிருந்தவர்கள், ஸ்டால்காரர்கள், போர்ட்டர்கள் என்று வரிசையாகக் கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் ஒரே கேள்வி வேறு வேறு வாயிலிருந்து திரும்பத் திரும்ப வரும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். டிவியில் பார்த்ததும் நேரில் பார்த்ததும் சீக்கிரமே ஒன்றாகக் கலந்துவிடும், அதனால் அன்று இரவே ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள்.

சட்டப்படி, சாட்சியாகக் கூப்பிட எழுத்துப்பூர்வமான சம்மன் வேண்டும். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடுமையாக உடம்பு முடியாதவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்கவேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 179வது பிரிவு. விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம், அதில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுக்கும் வாக்குமூலம் வேறு கணக்கு.

மைக் நீட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வெளியே நிறுத்தியிருந்த வண்டி சேதமானால்?

முழு இன்சூரன்ஸ் இருந்தால் தீவிரவாதச் செயலும் அதில் அடங்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் சொந்தச் செலவு.

என் கணவர் அங்கே இருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் தூங்குவதில்லை, குக்கர் விசிலுக்குக்கூடத் திடுக்கிடுகிறார். எவ்வளவு நாள் இப்படி?

முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது நோய் இல்லை, உடம்பு தன் வேலையைச் செய்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறையும். ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி திரும்ப வருகிறது, அந்தப் பக்கமே போகமாட்டேன் என்கிறார், வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அப்போது டாக்டரைப் பார்க்கவேண்டும், மருந்தும் இருக்கிறது, பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், 104லும் பேசலாம். கீழ்ப்பாக்கம் என்றதும் நாம் சிரிக்கிற பழக்கத்தை இந்த ஒரு விஷயத்திலாவது விட்டுவிடலாம், அங்கே புறநோயாளிகள் பிரிவில் வரிசையில் நிற்பவர்கள் நம் தெருக்காரர்கள்தான்.

'என்ன நடந்துச்சுன்னு முழுசா சொல்லு, சொன்னா மனசு ஆறும்' என்று உட்கார வைத்துக் கேட்காதீர்கள். உறவுக்காரர்கள் அன்பில்தான் செய்கிறார்கள், ஆனால் வற்புறுத்திப் பேச வைப்பதால் பலன் இல்லை என்றுதான் மருத்துவர்களும் சொல்கிறார்கள். அவராகப் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் சாப்பாடு போடுங்கள்.

சென்னைக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது, இந்த ஊரில் வெடிச் சத்தம் இல்லாத மாதமே கிடையாது. 2014 மே 16, தேர்தல் முடிவு. குண்டு வெடித்து முழுதாக மூன்று வாரம்கூட ஆகவில்லை. அ.தி.மு.க. 37 தொகுதியில் ஜெயித்தது, மதியத்திலிருந்து சரவெடி. மாமா பையன் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். தீபாவளியாவது தேதி தெரியும், ஊருக்குப் போய்விடலாம். எங்கள் சூளைப் பக்கம் சாவு ஊர்வலத்தில் போடுவார்களே, அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது நான் போய்ச் சொன்னேன். அந்த வீட்டுப் பையன்கள் ஒரு வார்த்தை பேசாமல், தெரு முனை தாண்டும் வரை பறையை மட்டும் அடித்துக்கொண்டு போனார்கள். தயங்காமல் கேளுங்கள், ஜனங்கள் அவ்வளவு மோசம் இல்லை.

குழந்தைக்கு என்ன சொல்வது?

நடந்ததைச் சின்ன வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். மறைத்தால் ஸ்கூல் வேனில் இதைவிடப் பெரிதாகக் கேட்டுக்கொண்டு வரும். பிறகு டிவியை அணைத்துவிடுங்கள், உங்களுக்காகவும்தான். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். தினம் ஆறு மணி நேரமும் அதற்கு மேலும் அந்தச் செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு, மாரத்தான் நடந்த இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிக மன அழுத்தம் இருந்ததாம். நம் செய்தி சேனல்கள் ஒரே காட்சியைச் சிவப்பு வட்டம் போட்டு ஓட்டும் அழகுக்கு இங்கே கணக்கு இன்னும் மோசமாகத்தான் இருக்கும்.

நம் சென்னையில் இதெல்லாம் நடக்காதே, இது புதிதுதானே?

இளவட்டங்கள் கேட்கிறார்கள். 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து முப்பது பேர் அளவில் செத்துப்போனார்கள். கொழும்பு விமானத்துக்கு என்று வைத்தது. 1993 ஆகஸ்ட் 8, சேத்துப்பட்டு ஆர்.எஸ்.எஸ். அலுவலகம், 11 பேர். 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை, அது எல்லோருக்கும் தெரியும். நமக்கு நினைவு குறைவு, அவ்வளவுதான்.

எங்கள் மாடியில் வடகிழக்குப் பையன்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். காலி பண்ணச் சொல்லிவிடலாமா என்று வீட்டில் பேச்சு...

இந்தக் கேள்வி ஆள் மாறி மாறி வரும். 1991க்குப் பிறகு ஈழத் தமிழர் என்று பேச்சுவழக்கில் தெரிந்தாலே வீடு கிடைக்காது. கோவை குண்டுவெடிப்புக்குப் பிறகு பெயரைக் கேட்டதும் 'வீடு பேசி முடிச்சாச்சு' என்பார்கள். இப்போது வடகிழக்கு, பிஹார். 2012 ஆகஸ்டில் ஒரு எஸ்எம்எஸ் வதந்தியால் அசாம் பையன்கள் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கும்பல் கும்பலாக ரயிலேறி ஓடினார்களே, மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கே அரசு சில நாள் தடை போட்டது. சென்ட்ரலில் குண்டு வெடித்ததும் குவாஹாட்டி வண்டியில்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களில் உங்கள் மாடிப் பையன்களின் ஊர்க்காரர்களும் இருந்திருப்பார்கள்.

வாடகைக்கு விடும்போது ஆதார் நகல் வாங்குங்கள், போலீஸ் கேட்கும் படிவத்தில் விவரம் கொடுங்கள், அது எல்லோருக்கும் பொது. காலி பண்ணச் சொல்வது தப்பு. கண்ணால் பார்த்த சந்தேகம் ஒன்று உண்மையிலேயே இருந்தால் 112, வாட்ஸ்அப் குரூப் இல்லை. மூக்கையும் கண்ணையும் பார்த்து வருவதெல்லாம் சந்தேகத்தில் சேராது.

ஆனால் மறுநாளே சென்னை சகஜ நிலைக்குத் திரும்பிவிட்டதே, அது பெரிய விஷயம் இல்லையா?

பேப்பரில் அப்படித்தான் வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, வேலை நாள். மின்சார ரயிலை விட்டால் திருவள்ளூர்க்காரருக்கும் அரக்கோணத்துக்காரருக்கும் வேறு வழி என்ன? போனார்கள். பயந்துகொண்டே போனார்கள், ஓரமாக ஒரு பை இருந்தால் 'யாருது, யாருது' என்று பெட்டியே கேட்டது. அதை வீரம் என்று எழுதியவர்களுக்கு அன்றைக்கு லீவு இருந்திருக்கும்.

மெட்டல் டிடெக்டரால் ஏதாவது பிரயோஜனம்?

பின்னால் இருக்கும் போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தால் உண்டு.

பிள்ளைகள் படிக்கும் ஸ்கூலுக்கு மிரட்டல் மெயில் வந்தால்?

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு ஒரே நாளில் வந்தது, எல்லாம் புரளி. அதற்குப் பிறகும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மோப்ப நாய் சுற்றி முடிக்கும் வரை போலீஸ் யாரையும் உள்ளே விடாது, அதனால் கேட்டில் போய் மோதாதீர்கள். பள்ளியிலிருந்து வரும் மெசேஜில் எந்த வாசலில் பிள்ளையை ஒப்படைப்பார்கள் என்று இருக்கும், அங்கே போனால் போதும். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சொந்தப் பிள்ளையைக்கூடத் தரமாட்டார்கள், தரவும் கூடாது. அன்றைக்குத் தாத்தாவை அனுப்புவதாக இருந்தால் முன்கூட்டியே ஸ்கூலுக்குச் சொல்லிவிடுங்கள்.

பிளாட்பாரத்தில் அநாதையாக ஒரு பை. சொன்னால் சிரிப்பார்களோ?

சிரித்தால் சிரிக்கட்டும். தொடாதீர்கள், காலால் நகர்த்திப் பார்க்காதீர்கள், தள்ளிப் போய் அங்கிருக்கும் ஆர்.பி.எஃப். (ரயில்வே பாதுகாப்புப் படை) ஆளிடம் சொல்லுங்கள், யாரும் கண்ணில் படாவிட்டால் ரயில்வே உதவி எண் 139. நான் இதுவரை சொன்னவற்றில் ஒன்றில் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தது, இன்னொன்றில் யாரோ கல்யாணத்துக்கு எடுத்துப்போன பாத்திரம். பாத்திரக்காரர் ஓடிவந்து என்னைத் திட்டினார். அதற்கும் ஆர்.பி.எஃப். தாத்தா அவரைத்தான் பிடித்துக்கொண்டார்: "பையை விட்டுட்டு எங்கய்யா போன?"